எது முதலில்: காற்றா, ஏற்றமா, வெயிலா?

கன்னியாகுமரியில் கிளம்பி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு மணக்குடி, முட்டம், குளச்சல் என்று மேற்கே போகலாம். குளச்சலில் கடலை விட்டு வடக்கே திரும்பினால் கருங்கல், மார்த்தாண்டம், குலசேகரம். அங்கிருந்து பேச்சிப்பாறை அணை. திரும்பும் வழியில் குலசேகரம், திருவட்டாறு, தக்கலை, நாகர்கோவில், சுசீந்திரம், மறுபடியும் கன்னியாகுமரி. சுற்றி முடிக்கும்போது சைக்கிள் மீட்டர் 130 கிலோமீட்டருக்கு மேல் காட்டும். மீன் காயும் மணலில் தொடங்கி, வயலையும் தென்னந்தோப்பையும் தாண்டி, ரப்பர்க் காட்டுக்குள் ஏறி, ஒரே நாளில் மீண்டும் மணலுக்கு வந்துவிடலாம். நெய்தலும் மருதமும் குறிஞ்சியும் இவ்வளவு கிட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும் நிலம் தமிழகத்தில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

இந்த வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான். ஏறிய உயரம் அத்தனையும் இறங்கியே தீர வேண்டும் என்பதால் கூட்டிக் கழித்தால் ஏற்றமும் பூஜ்யம். அப்படியிருந்தும் ஒருவர் மாலை நாலு மணிக்குத் தெம்பாக வந்து சேர்கிறார், அதே வயதும் அதே உடல்வாகும் கொண்ட இன்னொருவர் தக்கலையில் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். இருவரும் மிதித்த சாலை ஒன்றே. காற்றையும் ஏற்றத்தையும் வெயிலையும் சந்தித்த வரிசைதான் வேறு. கடினமான சைக்கிள் பயணத்தைத் திட்டமிடுவதில் பெரும்பகுதி இந்த வரிசையை அமைப்பதுதான். அதற்கு வேண்டிய இயற்பியல், பள்ளிப் பாடப் புத்தகத்தைத் தாண்டிப் போவதில்லை.

கணக்குக்காக ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். எடை 70 கிலோ. சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்து இன்னும் 15 கிலோ. பெடலில் விடாமல் 150 வாட் கொடுக்கக்கூடியவர். வாரம் மூன்று நான்கு நாள் சைக்கிள் ஓட்டிப் பழகிய, பந்தயக்காரர் அல்லாத ஒருவருக்கு இது நியாயமான அளவு. இந்த 150 வாட்டை மூன்று செலவுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. டயர் சாலையில் நசுங்கி நிமிர்வதில் கொஞ்சம் போகிறது. காற்றைப் பிளப்பதில் ஒரு பங்கு. மேட்டில் ஏறும்போது உடம்பையும் சைக்கிளையும் உயர்த்துவதில் மற்றது. சமதளத்தில், காற்றில்லாத காலையில், நம் ஆள் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர் வேகத்தில் போவார். அப்போது அவருடைய சக்தியில் முக்கால் பங்கைக் காற்றே விழுங்குகிறது. டயருக்குப் போவது கால் பங்கு.

காற்று வீசத் தொடங்கினால் கணக்கு தலைகீழாகிறது. எதிர்காற்று மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; குமரிக் கடற்கரையில் அது பெரிய காற்றே இல்லை. அதே 150 வாட்டுக்கு வேகம் 28-லிருந்து 18.6 கிலோமீட்டராக இறங்கிவிடும். அதே காற்று முதுகில் அடித்தால் 40 கிலோமீட்டர் வரை போகலாம். இழந்ததைவிடப் பெற்றது அதிகமாகத் தெரிகிறது அல்லவா? நேரத்தை வைத்துப் பாருங்கள். எதிர்காற்றில் 20 கிலோமீட்டர் போக 65 நிமிடம், பின்காற்றில் 20 கிலோமீட்டர் வர 30 நிமிடம், ஆக 95 நிமிடம். காற்றே இல்லாத நாளில் இந்த 40 கிலோமீட்டருக்கு 86 நிமிடம் போதும். எதிர்காற்றில் வேகம் குறைவதால் அதற்குள் நாம் இருக்கும் நேரம் கூடுகிறது, பின்காற்றில் வேகம் கூடுவதால் அது கிடைக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது. ஆகவே வட்டப் பாதையில் காற்று கடன் வாங்கியதை முழுதாகத் திருப்பித் தருவதே இல்லை.

ஆனால் காற்று நாள் முழுக்க ஒரே வேகத்தில் வீசுவதில்லை. திட்டம் போடுகிறவருக்கு இதுதான் பிடி. இரவில் தரை குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, கீழேயே தங்கிவிடுகிறது. உயரே வேகமாக ஓடும் காற்று இந்தக் குளிர்ந்த அடுக்கைத் தொடாமல் அதன் மேலாகப் போய்விடுகிறது. சூரியன் ஏறி, தரை சூடாகி, கீழ்க்காற்று மேலே கிளம்பத் தொடங்கியதும் இரண்டும் கலக்கின்றன. மேலே இருந்த வேகம் தரைக்கு இறங்கி வருகிறது. பத்து மணிக்குப் பிறகு திடீரென்று காற்று பிடித்துக்கொள்வதன் காரணம் இது. கடலை ஒட்டிய இடங்களில், இரவில் கடல் அவ்வளவு குளிராததால், வேறுபாடு சற்றுக் குறைவுதான். என்றாலும் விடியற்காலைக் காற்றுக்கும் மதியக் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை முட்டத்தில் நிற்கும் எவரும் முகத்திலேயே உணரலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரி மாவட்டத்தில் காற்று மேற்கிலிருந்து வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைத் தாண்ட முடியாமல், அதன் தென்கோடியில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து கிழக்கே பாய்கிறது. அகலமான பரப்பில் வந்த காற்று ஒடுக்கமான வழிக்குள் நுழையும்போது வேகமெடுத்தாக வேண்டும். அங்கே முப்பந்தலைச் சுற்றி ஏறத்தாழ 1,500 மெகாவாட் திறனுக்குக் காற்றாலைகள் நிற்பது இதனால்தான். காற்றாலைக்கும் சைக்கிளுக்கும் பொருந்தும் விதி ஒன்றே: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் அடங்கிய சக்தி எட்டு மடங்காகும். அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிப் பக்கம் வட்டத்தை நீட்டாமல் இருப்பது நல்லது. பக்கவாட்டில் வரும் ஒரு வீச்சு, அதே நொடியில் கடந்துபோகும் லாரி காற்றை மறைத்துத் திறப்பது, இரண்டும் சேர்ந்தால் சைக்கிள் ஒரு முழம் தள்ளிப்போகும்.

அப்படியானால் ஆனி, ஆடி மாதங்களில் வட்டத்தை எப்படிச் சுற்ற வேண்டும் என்பது தானாகவே தெளிவாகிறது. கன்னியாகுமரியில் விடியுமுன் கிளம்பி, காற்று இன்னும் அடங்கியிருக்கும்போதே மேற்கே போய்விட வேண்டும். எதிர்காற்று வலுக்கும் முன் குளச்சல் வந்திருக்கும். அதன்பின் பாதை வடக்கே, மலைப்பக்கம். மதியத்துக்கு மேல் தென்கிழக்காகத் திரும்பும்போது காற்று முழு வலுவில் இருக்கும். அது முதுகுப் பக்கம் இருக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. பலர் உடனே பாதையையே மாற்றப் பார்ப்பார்கள். வேண்டியதில்லை. வட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது. கிளம்பும் ஊரையும் சுற்றும் திசையையும் மாற்றினால் போதும். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ கிளம்பி, முதலில் குளச்சலுக்கு இறங்கி, காலை அமைதியிலேயே கடற்கரை வழியாகக் கிழக்கே கன்னியாகுமரி வரை போய், நாகர்கோவில் வழியாக வடமேற்கே திரும்பி, மலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எதிர்காற்றுப் பகுதி மறுபடியும் விடியற்காலையில் விழுகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஜனவரியில் சூரியன் நேர்கிழக்கில் இல்லாமல் சற்றுத் தெற்கே தள்ளி உதிக்கும். கன்னியாகுமரியை நோக்கிப் போகும் சாலையும் கிட்டத்தட்ட அந்தத் திசையில்தான் போகிறது. வெயில் நம் கண்ணில் அடிப்பதைவிட, பின்னால் வரும் வேன் ஓட்டுநரின் கண்ணில் அடிப்பதுதான் ஆபத்து. அவருக்கு முன்னால் போகும் சைக்கிள் தெரியாது. குமரிமுனை நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைதான் தள்ளியிருப்பதால் இங்கே சூரியன் சாய்வாக அல்லாமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், மணிக்கு 14 பாகை வரை. கூசும் வெளிச்சம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தை முட்டத்தில் தேநீருக்கு ஒதுக்குவது வீண் செலவு இல்லை. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுவது கட்டாயம் என்றே சொல்வேன்.

கடற்கரைச் சாலைக்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு ஆறும் கடலில் சேரும் இடத்தில் அது அறுபடுகிறது. பழையாறு மணக்குடியில் கடலில் கலக்கிறது. கீழமணக்குடிக்கும் மேலமணக்குடிக்கும் நடுவே இருந்த பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போனது; பின்னர்ப் புதிதாகக் கட்டினார்கள். ஒரு பாலம் இல்லையென்றால் வட்டமே உடைந்து, உள்நாட்டுக்குள் போய்த் திரும்ப வேண்டியதாகும். ஆகவே கடலோரப் பாதையைத் திட்டமிடும்போது ஊர்களைக் குறிப்பதற்கு முன் முகத்துவாரங்களையும் பாலங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். மணலும் ஒரு விஷயம். காற்று வாரிப்போட்ட மெல்லிய மணல், வளைவில் சாலையின் கரும்பரப்போடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. சில ஊர்களில் சாலையின் ஒரு பாதியில் நெத்திலியைப் பரப்பிக் காயப் போட்டிருப்பார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. மணியடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே முறை.

குளச்சலுக்கு வடக்கே நிலம் மாறுகிறது. இந்த வட்டத்தின் உண்மையான கடினம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது, பேச்சிப்பாறையில் அல்ல. அணை ஒன்றும் பெரிய உயரத்தில் இல்லை. ஆனால் கருங்கல், மார்த்தாண்டம் பகுதி முழுக்கச் செம்பாறை மேடுகளும் இடுக்கான பள்ளங்களுமாக இருக்கிறது. குழித்துறைத் தாமிரபரணியும் வள்ளியாறும் வடகிழக்கு மலையில் பிறந்து தென்மேற்கே கடலுக்கு ஓடுகின்றன. அவற்றில் சேரும் சிற்றோடைகளும் பெரும்பாலும் அதே போக்கில் நிலத்தை அறுத்திருக்கின்றன. ஆற்றின் போக்கோடு போகும் சாலை மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலை ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து ஒவ்வொரு மேட்டிலும் ஏற வேண்டும். மரத்தை இழைப்புளியால் வரிவாக்கில் இழைப்பதற்கும் குறுக்கே இழைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. வரைபடத்தில் முதலில் நீலக் கோடுகளைப் பாருங்கள், பிறகு சாலையைப் பாருங்கள். எங்கே கால் வலிக்கும் என்பது அங்கேயே எழுதியிருக்கும்.

ஒரு மேட்டின் விலை என்ன? நூற்றுக்கு 6 ஏற்றம், அதாவது நூறு மீட்டர் போவதற்குள் 6 மீட்டர் உயர்வு. ஒரு கிலோமீட்டருக்கு இப்படி ஏற வேண்டும் என்றால் நம் ஆளின் வேகம் மணிக்கு 9.5 கிலோமீட்டராகிவிடும். ஏற ஆறு நிமிடத்துக்கு மேல். மறுபக்கம் மிதிக்காமல் விட்டால் 50 கிலோமீட்டர் வேகம் பிடித்து ஒண்ணேகால் நிமிடத்தில் இறங்கிவிடலாம். இரண்டு கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம். சமதளத்தில் நாலேகால் நிமிடத்தில் முடிந்திருக்கும். இதைப் பொதுவாக்கினால் கைக்கு அடக்கமான கணக்கு ஒன்று கிடைக்கிறது: பாதையில் வரும் ஒவ்வொரு 100 மீட்டர் மொத்த ஏற்றத்துக்கும் ஐந்தரை நிமிடம் கூடுதலாக ஒதுக்க வேண்டும். இறக்கத்தில் தடையில்லாமல் உருள முடிந்தால்தான் அது. பள்ளியும் பேருந்து நிறுத்தமும் ஆட்டுக்குட்டிகளும் குறுக்கிடும் ஊர்ச்சாலையில் இறக்கம் முழுக்கப் பிரேக்கிலேயே கழியும் என்பதால் ஏழு நிமிடம் வைத்துக்கொள்வது பத்திரம்.

நேரத்தைவிடப் பெரிய செலவு தசையில் நடக்கிறது. உடல் நீண்ட நேரம் தாங்கக்கூடிய சக்திக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் போகலாம், ஆனால் அது ஒரு சின்னக் கையிருப்பிலிருந்து வருகிறது. 1965-ல் மோனோ, ஷெரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தசைகளின் உழைப்பை அளந்து இந்தக் கருத்தை முன்வைத்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பலருக்கு இந்தக் கையிருப்பு 15 முதல் 20 கிலோஜூல். நம் ஆள் 30 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டை ஒன்றரை நிமிடத்தில் விரட்டி ஏறுகிறார் என்று கொள்வோம். அந்த உயரத்தைத் தூக்க மட்டுமே 280 வாட் வேண்டும். அவருடைய வரம்பு 180 வாட் என்றால் அந்த ஒரே மேட்டில் 9 கிலோஜூலாவது கரைந்துவிட்டது. அடுத்த பள்ளத்தில் கையிருப்பு ஓரளவு திரும்ப ஊறும், ஆனால் அதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மூன்றாவது மேட்டில் கால் நின்றுபோவது இதனால்தான். ஒரே நீளமான மலையேற்றத்தில் யாரும் தொடக்கத்திலேயே விரட்டுவதில்லை. இந்தக் குட்டை மேடுகள்தான் விரட்டச் சொல்லி ஏமாற்றுகின்றன.

இங்கே கியர் வேலை செய்ய வேண்டும். நம் ஊர் சாதாரண சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்வீலில் 44 பல், பின்னால் ஃபிரீவீலில் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஐந்து மீட்டருக்கு மேல் நகரும். நூற்றுக்கு 6 ஏற்றத்தில் 9.5 கிலோமீட்டர் வேகத்துக்கு நிமிடத்துக்கு 30 சுற்றுதான் வரும். அந்தச் சுற்றில் 150 வாட் கொடுக்க வேண்டுமானால் சராசரியாக 29 கிலோ எடைக்குச் சமமான விசையில் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெடல் கீழே இறங்கும் நொடியில் அது இன்னும் மிக அதிகம். மேட்டைக் கண்டதும் எல்லாரும் இறங்கித் தள்ளுவது சோம்பலால் அல்ல, முழங்காலின் நியாயமான முடிவு. முன்னால் 34, பின்னால் 34 பல் கொண்ட கியரில் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான். அதே வேகத்தில் நிமிடத்துக்கு 75 சுற்று வரும், விசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வேலை அளவு மாறவில்லை. தசை இழைகளின் மேல் விழும் பாரம் குறைகிறது. பின்மாலை வரை அவை தாக்குப்பிடிக்கின்றன.

மேடுகளுக்கு நடுவே இளைப்பாறவும் வழி இருக்கிறது. பேச்சிப்பாறை அணை 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதிலிருந்தும் பெருஞ்சாணி அணையிலிருந்தும் தண்ணீரைக் கொண்டுபோக மாவட்டம் முழுக்கச் சானல்கள் வெட்டியிருக்கிறார்கள். தோவாளைச் சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால் எல்லாம் அந்த வலையில் சேர்ந்தவை. தண்ணீர் தானாக ஓட வேண்டும், ஆனால் உயரத்தை வீணாக்கவும் கூடாது. அதனால் பொறியாளர்கள் சானலை மேட்டைச் சுற்றி, ஒரே மட்டத்தில் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத சரிவு அது. சானல்கரையில் சாலை இருந்தால் அதுவும் அதே மட்டத்தில்தான் போகும். இந்த மேடுபள்ள நாட்டில் சமதளச் சாலை வேண்டும் என்றால் சானல்கரையைத் தேடுங்கள். தூரம் கொஞ்சம் கூடும். இரண்டு கடினமான பகுதிகளுக்கு நடுவே ஐந்தாறு கிலோமீட்டர் சானல்கரை கிடைத்தால், காலில் தீர்ந்த கையிருப்பு ஊறிவிடும். எந்தக் கரையில் சைக்கிள் போகலாம், எது குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கைபேசிச் செயலிகள் காட்டும் ஏற்றக் கணக்கைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பாதைக்கு இரண்டு செயலிகள் இரண்டு மொத்த ஏற்றத்தைக் காட்டும், வித்தியாசம் சில நூறு மீட்டர்கூட இருக்கலாம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி ராடாரால் நிலத்தின் உயரங்களை அளந்தது. இன்றைய பல வரைபடங்களுக்கு அடிப்படை அந்த அளவீடுதான். அதில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரப்பர்த் தோட்டம் அடர்ந்த இடத்தில் அந்த ராடார் கண்டது தரையையும் அல்ல, மர உச்சியையும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் எங்கோ. பாலங்கள் இன்னும் மோசம். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில் பறளியாற்றுப் பள்ளத்தைத் தாண்டிச் சானலைக் கொண்டுபோகிறது. அதன் மேல் நடைபாதையில் ஒருவர் சமதளமாக நடந்து போனாலும், நில உயர வரைபடம் அவரைப் பள்ளத்துக்குள் இறக்கி மறுபக்கம் ஏற்றிவிடும். இதோடு அளவுகோல் பிரச்சினையும் உண்டு. கடற்கரையின் நீளம் எவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோமோ அவ்வளவு கூடும் என்று 1967-ல் கணிதவியலாளர் மாண்டல்பிராட் காட்டினார். மொத்த ஏற்றமும் அப்படித்தான். பத்து மீட்டருக்கு ஒருமுறை அளந்தால் ஒவ்வொரு சின்ன முதுகும் கணக்கில் சேரும், நூறு மீட்டருக்கு ஒருமுறை அளந்தால் பாதி மறைந்துபோகும்.

கைப்பிடியில் மாட்டும் கருவிகள் காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கின்றன. கடல் மட்டத்துக்கு அருகே அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் 9 மீட்டர் ஏறியதாகப் பொருள். ஆனால் வெப்பமண்டலத்தில் வானிலை மாறாத நாளில்கூடக் காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சம், மாலை நாலு மணியளவில் தாழ்வு, வித்தியாசம் 3 மில்லிபார் போல. சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்தாலே அந்த ஆறு மணி நேரத்தில் கருவி 25 மீட்டர் ஏறிவிட்டதாகக் காட்டும். ஆகவே மொத்த எண்ணை நம்பிக் கவலைப்படுவதையும் பெருமைப்படுவதையும் விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது ஒவ்வொரு மேட்டின் செங்குத்து. சராசரி நூற்றுக்கு 3 என்று எழுதியிருக்கும் நாலு கிலோமீட்டருக்குள் நூற்றுக்கு 12 ஏற்றத்தில் ஒரு நூறு மீட்டர் ஒளிந்திருக்கலாம். கியரைத் தீர்மானிப்பது அந்த நூறு மீட்டர்தான்.

இனி வெயில். பெடலில் 150 வாட் வர, உடல் 600 வாட்டுக்கு மேல் எரிக்கிறது. மிச்சம் முழுதும் சூடு. அந்தச் சூட்டை வியர்வை ஆவியாகித்தான் வெளியேற்ற வேண்டும், மணிக்கு ஏறத்தாழ 700 மில்லிலிட்டர், அதுவும் ஒரு சொட்டுகூடக் கீழே விழாமல் முழுதும் ஆவியானால். கடலோர ஈரக்காற்றில் பாதி சொட்டிப்போகும், அதனால் உடல் இன்னும் அதிகமாகச் சுரக்கும். சமதளத்தில் 28 கிலோமீட்டர் வேகத்தில் நம் வேகமே விசிறியாகிறது. ஏற்றத்தில் விசிறி நின்றுவிடுகிறது. பின்காற்றோடு ஏறுவது எல்லாவற்றிலும் மோசம்: பின்னாலிருந்து 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்றும் நாம் ஏறும் வேகமும் ஒன்றாகி, உடம்பைச் சுற்றிக் காற்று அசையாமல் நிற்கும். அதே காற்று ஏற்றத்தில் எதிரே வந்தால் கூடுதலாக 14 வாட்தான் செலவு. அந்த விலைக்கு அவ்வளவு குளிர்ச்சி கிடைப்பது லாபம். சமதளத்தில் எதிரியாக இருக்கும் எதிர்காற்று, வெயில் நேரத்து மேட்டில் துணையாகிவிடுகிறது.

ஏற்றத்தை நிழலில் வைத்துக்கொள்ளலாம், குலசேகரத்துக்கு மேலே ரப்பர் மர நிழல் இருக்கிறதே என்று தோன்றும். ஜூன் மாதத்தில் அது சரி. ஆனால் ரப்பர் மரம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலையுதிர்க்கும். காற்று சாதுவாக இருக்கும் அந்த மாதங்களில்தான் தோட்டம் மொட்டையாக நிற்கும், செம்பு நிறத்தில் தளிர் விடும்வரை வெயில் நேராகத் தார்ச்சாலைக்கு இறங்கும். வளைவுகளில் சருகு மூடிக் கிடக்கும். பனி ஈரம் பட்ட சருகில் டயர் பிடிமானம் இழக்கும். நிழலை வரைபடத்தில் குறிக்கும்போது மாதத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஜனவரியில் போனால் பேச்சிப்பாறையைப் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரையிலான நேரத்தில் வைக்காமல், நாகர்கோவிலில் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டு வெயில் சாய்ந்தபின் ஏறுவதே என் தேர்வு.

சாப்பாட்டுக் கணக்கு எளிது. பெடலில் செய்த ஒவ்வொரு கிலோஜூல் வேலைக்கும் உடல் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி எரிக்கிறது. மனித உடலின் திறன் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, ஒரு கலோரி நாலேகால் ஜூலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. ஆறு மணி நேரம் 150 வாட் என்றால் 3,240 கிலோஜூல். இதை முழுதும் வழியில் சாப்பிட்டுச் சமன் செய்ய முடியாது. குடல் உறிஞ்சும் வேகத்துக்கு வரம்பு உண்டு. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்று விடாமல் கொடுத்து வந்தால் போதும், மிச்சத்தை உடம்பின் கொழுப்பும் சேமிப்பும் பார்த்துக்கொள்ளும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம் விளையும் மண்ணில் இதற்கு மேல் தேட என்ன இருக்கிறது? வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. உப்புப் போட்ட எலுமிச்சைச் சர்பத் எந்தச் சந்திப்பிலும் கிடைக்கும். பசி எடுத்தபின் சாப்பிடுவது தாமதம். எதிர்காற்றில் போகும் முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

இறக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக. சைக்கிளின் முன்பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் ஓர் அளவுக்கு மேல் வேகம் குறையாது, அதற்குள் பின்சக்கரம் தூக்கிவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, நிற்பதற்கு 33 மீட்டர் வேண்டும். 35 கிலோமீட்டர் வேகத்தில் 19 மீட்டர் போதும். மார்த்தாண்டம் பக்கத்து ஊர்ச்சாலைகளில் அடுத்த வளைவு 33 மீட்டருக்குள் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் அங்கே அனுமதிக்கப்பட்ட வேகம்.

வட்டத்தை வரையும்போதே அதை உடைக்கும் இடங்களையும் குறித்துவிட வேண்டும். இந்தப் பாதையின் நல்ல குணம், தக்கலையோ நாகர்கோவிலோ வட்டத்தின் பெரும்பாலான இடங்களிலிருந்து கிட்டத்தில் இருப்பது. இரணியல், குழித்துறை, நாகர்கோவில் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. ஒரு குட்டி யானை வண்டிக்காரரின் எண்ணைக் கையில் வைத்திருந்தால் இன்னும் நிம்மதி. பேச்சிப்பாறைக்கு ஏறும் முன் குலசேகரத்தில் நின்று நேரத்தைப் பார்த்து, இருட்டுவதற்குள் மேலே போய்த் திரும்ப முடியாது என்றால் அங்கேயே வட்டத்தைச் சுருக்கிவிடலாம். போகவர 20 கிலோமீட்டர் அளவுக்குக் குறையும்.

இதுவும் போதவில்லை என்பவர்களுக்கு எல்லை தாண்டித் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி இருக்கிறது. 22 கொண்டையூசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம், அதுவும் இடையில் இறக்கமே இல்லாமல் ஒரே மூச்சாக. நம் 150 வாட் ஆளுக்கு அந்த உயரத்தைத் தூக்க மட்டும் 834 கிலோஜூல், அதாவது ஒன்றரை மணி நேரம். டயரின் பங்கையும் சேர்த்தால் ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆகும். கருங்கல் மேடுகளில் 180 வாட்டைத் தாண்டாமல் ஏறப் பழகியவருக்கு அது எட்டாத கணக்கு அல்ல. பின்சக்கரத்தில் 34 பல்லுக்குக் குறையாமல் மாட்டிக்கொண்டு, காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும்.